ஒருவர் வீட்டு நத்தார்

(புளியங்குளத்தில் மார்கழி மாதத்து மாலைக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நத்தாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று தம்பிமார் வந்து கேட்டார்கள். பாலன் பிறப்பின் மகிமையைப் பற்றிப் பேச எங்கள் சுவாமிமார் இருக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள், அதை அவர்கள் பேசுவதுதான் முறை. எனக்குத் தெரிந்தது வேறொரு நத்தார். ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டில் அந்தப் பண்டிகை எப்படி வருகிறது, எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசலாம் என்றால் வருகிறேன் என்றேன். சம்மதித்தார்கள்.

மார்கழி பிறந்தால் கடைக்குப் போகிற நேரமெல்லாம் ஒரு கேள்வி காத்திருக்கும். "இந்த முறை நத்தாருக்கு ஆர் வருகினம் மாஸ்ரர்?" அன்போடு கேட்கிற கேள்விதான். மூத்தவன் ரொறன்ரோவில் இருக்கிறான், அங்கே அது பனிக்காலம், வேலையில் லீவு எடுக்க ஏலாது. மகள் ஜேர்மனியில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். என் துணைவியார் போய் ஆறு வருடமாகிறது. "ஒருத்தரும் வரேல்லை" என்று சொன்னதும் கேட்டவரின் முகம் மாறிவிடும். "அப்ப எங்கட வீட்டை வாங்கோவன், தனிய என்ன செய்யப் போறியள்?" என்பார்கள்.

துணைவியார் போன முதல் வருடமும் அடுத்த வருடமும் நான் அப்படித்தான் போனேன். நல்ல மனிதர்கள். சோறு போட்டார்கள், கேக் வெட்டினார்கள், பிள்ளைகள் மடியில் வந்து இருந்தார்கள். இரவு ஏழு மணிக்கு டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து என் வீட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டு. குசினியில் எந்த மணமும் இல்லை. விறாந்தை மூலையில், நாங்கள் குடில் வைக்கிற இடத்தில், உரப் பை இரண்டு சாத்திக் கிடந்தன. ஊரெல்லாம் நத்தார் வந்திருக்கிறது, என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அதை நானே வெளியே நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். மூன்றாம் வருடம் எங்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு நான் செய்வது இரண்டு வேலை. ஒன்று குடில் கட்டுவது, மற்றது பலகாரம் சுடுவது. இரண்டையும் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

குடிலுக்கு ஒரு பழைய கதை உண்டு. இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் 1223 ஆம் ஆண்டு நத்தார் இரவில் அசிசி நகர் பிரான்சிஸ்கு முதன்முதலாக அதை அமைத்தார். அங்கே சுரூபம் ஒன்றும் வைக்கப்படவில்லை. மாதா இல்லை, சூசையப்பர் இல்லை. ஒரு தீவனத் தொட்டி, கொஞ்ச வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவும்தான். பந்தம் பிடித்துக்கொண்டு வந்த கிராமத்துச் சனங்கள்தான் குடிலை நிரப்பினார்கள். லூக்காவின் நற்செய்தியைத் திறந்து பாருங்கள், அதிலே மாடும் இல்லை, கழுதையும் இல்லை, கொட்டில் என்ற சொல்லும் இல்லை. தொட்டி மட்டும் இருக்கிறது. மற்றதெல்லாம் அந்தந்த ஊர்ச் சனங்கள் தங்கள் கையால் சேர்த்தது. நாப்போலி நகரத்துக் குடில்களில் பாண் சுடுகிறவரும் மீன் விற்கிறவளும் நிற்பார்கள். அந்த ஊர்க்காரருக்குப் பெத்லகேம் தங்கள் தெருவிலேதான் இருந்தது.

பிரான்சின் தென்பகுதியில் நடந்ததை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கோவில்களைப் பூட்டினார்கள், சாமப் பூசை நின்றது, கோவிலில் இருந்த பெரிய குடில்களைப் பார்க்க வழியில்லை. புரோவான்சுச் சனங்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குள்ளே, விரல் அளவான களிமண் பொம்மைகளை வைத்துக் குடில் கட்டினார்கள். மார்செய் நகரத்தில் லாஞெல் என்ற சிற்பி அச்சு செய்து, ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் அந்தப் பொம்மைகளை வார்த்துக் கொடுத்தார். 1803 இல் அவற்றுக்கென்று ஒரு சந்தையே கூடியது. கோவில் கதவு மூடியபோது வீட்டுக் குடில் பிறந்தது என்று இதைப் படித்த அன்று எனக்கு வேறொரு வரலாறு நினைவில் வந்தது. அது எங்கள் வரலாறு.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள். குருமாரை வீட்டில் வைத்திருந்தால் மரண தண்டனை. மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தை 1670 அளவில் விசுவாசிகள் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனது அந்தக் காலத்திலேதான். 1687 இல் யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, வீடு வீடாக, கதவைச் சாத்திக்கொண்டு பூசை வைத்தார். 1689 நத்தார் இரவில் அப்படிக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வந்து வளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வாஸ் அடிகளாரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக உயர்த்திவிட்டு, அதே நாள் மடுவுக்கும் வந்ததை இங்கே இருக்கிற பலர் நேரில் கண்டிருப்பீர்கள். பெருங்கூட்டமும் மேளமும் இருந்தால்தான் நத்தார் என்ற எண்ணம் வடக்கிலே பிந்தி வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்த குரலில் கொண்டாடிய தலைமுறைகள் எங்களுக்கு முன்னே இருந்திருக்கின்றன. வேடிக்கை பாருங்கள், நத்தார் என்ற சொல்லும் குசினி என்ற சொல்லும் பறங்கியரின் ஒரே கப்பலிலேதான் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன. இரண்டும் நம் வீட்டுச் சொல்லாகி நானூறு வருடமாகிறது.

இனி என் குடிலுக்கு வருகிறேன்.

குடில் வேலை மார்கழியில் தொடங்குகிறது என்று நினைப்பவர்கள் கடையில் வாங்கி வைப்பவர்கள். எனக்கு அது ஆவணியில் தொடங்கும். குளத்திலே நீர் வற்றி, அடிநிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலம் அது. மார்கழியில் குளம் நிறைந்து வான் பாயும்போது அந்த மண்ணை யார் எடுப்பது? ஆவணியிலே ஒரு சாக்குக் கட்டி எடுத்து வந்து, உலக்கையால் இடித்து, மா அரிக்கிற மாதிரி அரிதட்டில் அரித்து, ஊறவைத்துவிடுவேன். வைக்கோலும் அப்படித்தான். மார்கழி மழையில் வைக்கோற்போரின் வெளிப்புறம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கும். கையை முழங்கை வரை உள்ளே விட்டு நடுவிலிருந்து உருவ வேண்டும். நடுவில் உள்ள வைக்கோல் மாசியில் அரிவு வெட்டிய அன்று இருந்த மஞ்சள் நிறத்தோடு, கொஞ்சம் சூட்டோடு வரும். பாலனைக் கிடத்துவதற்கு அந்த வைக்கோல்தான் வேண்டும்.

திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு கழிந்ததும் பழைய மீன் ரின்களில் நெல்லு முளைக்கப் போடுவேன். பத்துப் பன்னிரண்டு நாளில் விரல் உயரத்துக்குப் பச்சை வந்துவிடும். அதுதான் என் குடிலின் வயல். வெளியே காலபோக வயல் எந்தப் பச்சையில் நிற்கிறதோ அதே பச்சையில் குடிலுக்குள்ளும் நிற்கும். குளத்துக்கு ஒரு உடைந்த முகக்கண்ணாடி. குளக்கட்டில் ஒரு புளியமரம், அதற்கு நெல்லிக் கொப்பு ஒன்று போதும், தூரத்திலிருந்து பார்த்தால் இலை புளியிலை போலத்தான் தெரியும். பெயருக்கு ஏற்ற மரம் இல்லாமல் புளியங்குளம் என்று சொல்ல முடியாதல்லவா. ஓமந்தையிலிருந்து வருகிற வழியில் விளக்குவைத்தகுளம் என்று ஒரு ஊர் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். யார் வைத்த விளக்கோ, என் குடிலில் அந்தத் திசையில் ஒரு சிட்டி விளக்கு எரியும்.

வீடுகளுக்கு அளவு உண்டு. அடிக்குக் கால் அங்குலம். மரவேலை படிப்பித்தவன் அளவில்லாமல் கட்டமாட்டான். சுவர் களிமண், வளை தென்னை ஈர்க்கு, ஓட்டுக் கூரைக்குப் பாளை மட்டையைச் சிறு துண்டாக நறுக்கி அடுக்குவேன். தகரக் கூரை செய்வதுதான் நுணுக்கமான வேலை. பால்மா பைக்கற்றின் உட்புறத்தில் இருக்கிற வெள்ளித் தாளை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய சைக்கிள் சில்லுக் கம்பிகளை ஒரு பலகையில் பக்கம் பக்கமாக அடுக்கி, அந்தத் தாளை மேலே விரித்து, இன்னொரு கம்பியால் இடைவெளி இடைவெளியாக அழுத்திக்கொண்டு போனால் நெளி நெளியாகத் தகரம் வரும். அழுத்தம் கூடினால் கிழியும், குறைந்தால் நெளி விழாது. கண் தெளிவாக இருக்கிற காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில்தான் அந்த வேலை செய்வேன். ஒரு கூரைக்கு ஒரு காலை போய்விடும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் தனியாக இருக்கிறேன் என்ற நினைவு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

குடிலில் மிகப் பெரிய கட்டடம் எங்கள் ரயில் ஸ்ரேசன். யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கி 1990 இல் இந்தப் பாதையில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போயின. ரயில் பாதை காடு பிடித்த ஒற்றையடிப் பாதையானது. 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை ரயில் மறுபடி வந்தபோது, இருபத்திமூன்று வயதுப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் ஊரில் ரயிலைப் பார்த்தார்கள். கையசைத்துக்கொண்டு நின்ற அவர்களின் முகத்தை நான் பார்த்தேன். நான் கட்டியிருப்பது 1990க்கு முந்திய பழைய ஸ்ரேசன், என் நினைவில் இருக்கிறபடி. சூசையப்பரும் மாதாவும் என் குடிலில் கழுதையில் வருவதில்லை. அந்த ஸ்ரேசனில் இறங்கி, ஒரு துணி மூட்டையோடு, இருக்க இடம் கேட்டு நடந்து வருகிறார்கள். இந்த மண்ணில் மூட்டையோடு இடம் கேட்டு நடக்காதவர் யார்?

1997 மே 13 அன்று ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியதையும், இந்தச் சந்திக்காக மாதக்கணக்கில் நடந்த சண்டையையும், நாங்கள் நெடுங்கேணிப் பக்கமும் மாங்குளத்துக்கு அங்காலும் சிதறிப்போனதையும் இளம்பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக்காலம் அது. சீமெந்து வராது, பற்றரி வராது, எரிபொருள் வராது. அந்தக் காலத்திலும் நத்தார் வந்தது. எங்கள் கொட்டில் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, குடிலுக்குள் ஒரு சின்ன பல்பை எரிய வைத்தோம். சுற்றுகிற வரைதான் வெளிச்சம். கை ஓய்ந்தால் பாலன் இருட்டிலே கிடப்பார். பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு சுற்றினார்கள். அன்று சுற்றிய ஒரு பையன் இன்று இந்த மண்டபத்தில் மின் இணைப்பு வேலை செய்தவன்.

2000 ஆம் ஆண்டும் 2001 ஆம் ஆண்டும் டிசெம்பர் 24 நள்ளிரவிலிருந்து விடுதலைப் புலிகள் ஒரு மாதப் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். இரண்டாம் முறை அரசும் இணங்கியது. அதன் வழியாகத்தான் 2002 பெப்ரவரி 22 ஒப்பந்தமும், ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் வந்தன. 2001 நத்தார் இரவில் ஷெல் சத்தம் இல்லை. தவளைச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது.

பிறகு 2004. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, முல்லைத்தீவில் கடல் ஏறி வந்தது. முதல்நாள் சுட்ட பலகாரம் வீடுகளில் மிச்சமிருந்த காலை. அதைப் பற்றி நான் விரித்துப் பேசப் போவதில்லை. எங்கள் பகுதியில் நத்தாரும் அந்த நினைவும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது.

2009 நத்தாரை செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கழித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வெள்ளைத் தறப்பாளின் ஓரத்தை ஒரு முழம் வெட்டிக் கூரை போட்டு, செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து, நானும் என் துணைவியாரும் ஒரு குடில் கட்டினோம். குடிக்கத் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் மண் குழைக்கத் தண்ணீர் எடுத்தது சரியா என்று அவர் இரண்டு மூன்று தரம் கேட்டார். அரைப் போத்தல்தான் எடுத்தோம். 2023 நத்தாருக்குப் பெத்லகேமிலே, அந்த உண்மையான பெத்லகேமிலே, ஒரு லூத்தரன் கோவிலில் இடிபாட்டுக் கற்களுக்கு நடுவில் பாலனைக் கிடத்தியிருந்த படத்தைப் பத்திரிகையில் கண்டபோது என் கை தானாகச் செம்மண்ணைத் தேடியது.

சரி, குசினிக்குப் போவோம்.

என் துணைவியாரின் கைக்குப் பேர்போனது பயத்தம் பணியாரம். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. பயறு வறுபடும் மணம் எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த இடத்தில் இறக்க வேண்டும் என்பார், அந்த இடம் எது என்று நான் கேட்டு வைக்கவில்லை. தனியே செய்யத் தொடங்கிய முதல் வருடம் உருண்டைகள் எண்ணெய்க்குள் பிரிந்து போயின. அடுத்த வருடம் கல்லாகின. யோசித்துப் பார்த்தேன். களிமண் குழைக்கிறோம், சாந்து குழைக்கிறோம், மாவும் குழைக்கிறோம். தமிழிலே மூன்றுக்கும் சொல் ஒன்றுதான், பதம் என்ற சொல்லும் ஒன்றுதான். நாற்பது வருடம் கையால் பதம் பார்த்தவனுக்குப் பாகுப் பதம் பிடிபடாமல் போகுமா? அதிலிருந்து வேலையை வேலையாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு சுண்டு பயறு. மெல்லிய நெருப்பில் வறுத்து, கோது போகக் கொழித்து, மாவாக்கி அரிக்க வேண்டும். தேங்காய்ப் பூவைப் பொன்னிறமாக வறுத்து இடித்துச் சேர்க்க வேண்டும். மிளகு, சீரகம், ஏலக்காய். சர்க்கரைப் பாகு காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு திரண்டு நிற்கிற நேரத்தில் மாவுக்குள் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடிக்க வேண்டும். சூடு ஆறினால் உதிரும். ஒருவர் மட்டும் செய்யும்போது இதுதான் கடினம், பிடிக்கிற கை இரண்டுதான். அதனால் மாவைப் பாதி பாதியாகக் குழைக்கிறேன், பாகை இளஞ்சூட்டில் வைத்துக்கொள்கிறேன். பிறகு அரிசிமாவும் கோதுமை மாவும் தேங்காய்ப்பாலில் கரைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, உருண்டையைத் தோய்த்துப் பொரிக்க வேண்டும். கரைசல் கரண்டியின் முதுகில் ஒட்டிப் பூச வேண்டும். சுவருக்குப் பூசும் சாந்து ஓடாமல் நிற்க வேண்டும் என்கிறோமே, அதே கணக்கு.

கேக்கும் போடுவேன். ரவை, கஜு, தேன், முட்டை. என்னிடம் ஓவன் இல்லை. பெரிய சட்டியில் ஆற்று மணல் பரப்பி, அதற்குமேல் கேக் தட்டை வைத்து, தகரத்தால் மூடி, தகரத்தின்மேல் சிரட்டைத் தணல் போட்டால் மேலும் கீழும் ஒரே மாதிரி வேகும். 2022 இல் எரிவாயுவுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்றபோது, இந்த முறையை என்னிடம் கேட்டுப் போய்ப் பல பிள்ளைகள் செய்தார்கள். நத்தார் அன்று மத்தியானச் சாப்பாடு எளிது. சோறு, நாட்டுக்கோழிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. இலை போட்டுத்தான் சாப்பிடுவேன். தனியே இருக்கிறோம் தானே என்று சட்டியோடு இருந்து சாப்பிடுகிற பழக்கம் வந்தால் மனிதன் தன்னை மதிப்பதை விட்டுவிடுவான். இதைத் தனியே இருக்கிற எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்கிறேன், இலையைப் போடுங்கள்.

ஒரு சுண்டு பயற்றில் இருபதுக்கு மேல் பணியாரம் வரும். அதற்குக் குறைத்துச் செய்தால் பாகு சட்டியிலேயே முறுகிவிடும். பண்டிகைப் பலகாரம் எதுவும் ஒருவர் அளவுக்குச் செய்ய இடம் தராது. நான் தின்னக்கூடியது மூன்று. மிச்சம் எங்கே போகும்?

வேலிப் பொட்டுக்கு அங்காலே போகும். பக்கத்து வளவில் ஒரு தங்கச்சி இருக்கிறா. சைவக்காரர். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வரும், நத்தாருக்கு இங்கிருந்து பணியாரம் போகும். அவவின் ஒரே மகன் 2009 வைகாசியில் காணாமல் ஆக்கப்பட்டவன். 2017 மாசியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தெருவோரப் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கிய தாய்மாரில் அவவும் ஒருத்தி. கொண்டாட்ட நாளில் அந்த வீட்டில் சோற்றுக் கோப்பை ஒன்று தனியே வைக்கப்படும். நான் அதைப் பார்த்தும் பாராதவன் போலத் திரும்பிவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் பணியாரக் கோப்பையைத் திருப்பித் தர வந்தவ, குடிலுக்கு முன்னால் கனநேரம் நின்றா. ஸ்ரேசனைப் பார்த்தா. சந்திக் கடையைப் பார்த்தா. பிறகு கேட்டா: "மாஸ்ரர், எங்கட பழைய வீட்டையும் இதிலை கட்டுவியளோ?"

அந்த வீடு 97 இல் போனது. ஒரு படம்கூட மிச்சமில்லை. அவ சொல்லச் சொல்ல நான் கொப்பியில் கீறினேன். முன்பக்கம் இரண்டு யன்னல். கிணற்றடியில் முருங்கை. குசினி தனிக் கொட்டில். மார்கழி 22 ஆம் திகதி கட்டி முடித்து, பொட்டடியில் நின்று கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தா. "கதவு இஞ்சாலப் பக்கம் மாஸ்ரர்" என்றா. உண்மைதான், நான் கிழக்கே வைத்திருந்தேன். ஈரச் சுவரை வெட்டி வடக்கே மாற்றினேன். தீப்பெட்டி மட்டையில் கதவு செய்து ஒட்டப் போனேன். "சாத்தி வைக்காதேங்கோ. திறந்தபடி விடுங்கோ" என்றா.

திறந்தபடிதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வேறு ஆட்களும் வந்து கேட்டார்கள். நெல்லுக் குத்தும் மில் ஒன்று வந்தது. ஒரு கிழவர் தன் மாட்டுப்பட்டியைக் கேட்டார், பதினெட்டு மாடு என்று எண்ணிக் கேட்டார், பதினெட்டும் செய்தேன். குடில் இப்போது விறாந்தை மூலையை விட்டு நடுவுக்கு வந்துவிட்டது. அது 1997க்கு முந்திய புளியங்குளம். பாலன் அதற்குள் பிறக்கிறார்.

நான் கேட்பது ஒன்று உண்டு, அதைச் சொல்லி என் பேச்சை நிறுத்துகிறேன். தனியே இருக்கிறவர்களை நத்தாருக்கு உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்திவிட்டால் அவர்கள் விருந்தாளி ஆகிறார்கள், அவர்களுடைய வீடு அன்று பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் அவர்களிடம் போங்கள். சமைக்க விடுங்கள். அவர்கள் போட்ட தேத்தண்ணியைக் குடியுங்கள், அவர்கள் சுட்டதைச் சாப்பிடுங்கள், கட்டி வைத்திருப்பதை அவர்கள் காட்டும்வரை இருந்து பாருங்கள். குடில் கட்டாதவராக இருந்தால் ஒரு சின்னத் தொட்டி செய்யச் சொல்லிக் கேளுங்கள், வைக்கோலை நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கைவேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்காத பிள்ளைக்கு அது வராது.

என் வீட்டுக் குடில் மூவிராசாக்கள் திருநாள் வரை, ஜனவரி 6 ஆம் திகதி வரை இருக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு படலை திறந்திருக்கும். தங்கள் பழைய வீட்டைக் கட்ட வேண்டும் என்கிறவர்கள் கதவு எந்தப் பக்கம் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். பணியாரம் இருக்கும்.